மிளகாய்க் கன்று போனால் போகட்டும்

கேள்வி: என் அம்மாவுக்கு 73 வயது. இரண்டு வருடத்துக்கு முன்பு கிளினிக்கில் அல்சைமர் வகை டிமென்சியா என்று சொன்னார்கள். கொண்டாவிலில் என்னோடுதான் இருக்கிறா. விடிந்தால் பொழுதுபடும்வரை பின்வளவில்தான். நான் வைத்த மிளகாய்க் கன்றுகளைப் புல் என்று பிடுங்குகிறா. ஒரே வாழைக்குத் திரும்பத் திரும்பத் தண்ணி ஊற்றுகிறா. பக்கத்து வீட்டார் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள் என்று சத்தம் வேறு. நாங்கள் இங்கே வந்த நாளில் இருந்து அந்த வேலி அங்கேதான் நிற்கிறது. பின்னேரமானால் "வீட்டை போகோணும்" என்று படலையடியில் போய் நிற்கிறா. வசாவிளானில் தோட்டம் செய்த குடும்பம் நாங்கள், 1990இல் இடம்பெயர்ந்து வந்தோம். கனடாவில் இருக்கும் அண்ணா, "பின்கதவுக்கு இரும்புக் கேற் போட்டுப் பூட்டு, காசு அனுப்புறன்" என்கிறார். கிணறு இருப்பதால் எனக்கும் பயம். பூட்டுவதா, விடுவதா?
– ஒரு வாசகி, கொண்டாவில்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பகலில் பூட்ட வேண்டாம். கிணற்றை இந்தக் கிழமைக்குள் சரிப்படுத்துங்கள். மற்றதெல்லாம் பிறகு ஆறுதலாகப் பார்க்கலாம்.

நான் தொழில்வழிச் சிகிச்சையாளர். ஒருவர் நாள் முழுக்க என்னென்ன செய்கிறார் என்று பார்ப்பதுதான் என் வேலை. உங்கள் கடிதத்தை அந்தக் கண்ணோடு வாசித்தால், ஓய்வில்லாமல் வேலை பார்க்கும் ஒரு மனுஷிதான் தெரிகிறார். புல் பிடுங்குகிறார், வாழைக்குத் தண்ணீர் விடுகிறார், எல்லை பார்க்கிறார். செம்மண் தோட்டத்தில் வளர்ந்த ஒருவர் தன் வளவில் செய்யவேண்டிய வேலைகள்தானே இவை? சிலதைப் பிழையாகச் செய்கிறார், அவ்வளவுதான்.

காலையில் என்ன சாப்பிட்டார் என்று அம்மாவுக்கு நினைவில்லை. ஆனால் பாகற்கொடியைப் பந்தலில் ஏற்றிக் கட்டச் சொன்னால் கை தானாகப் போகும். இதைப் பார்த்துவிட்டுச் சில வீடுகளில் "எல்லாம் தெரியும், நடிக்கிறா" என்று சொல்கிறார்கள். நடிப்பே இல்லை. அல்சைமர் நோய் பெரும்பாலும் மூளையில் புதிய நினைவுகளைச் சேர்த்துவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியை முதலில் தாக்குகிறது. வருடக் கணக்கில் கை பழகிய வேலைகள் மூளையின் வேறு பகுதிகளைச் சார்ந்தவை. அவை பிந்தித்தான் போகும். அதனால்தான் வீட்டுக்குள் தடுமாறுகிற அம்மா வளவில் இறங்கியதும் நிமிர்ந்து நடக்கிறார். உள்ளே எல்லோரும் அவரிடம் ஏதாவது கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்: இன்றைக்கு என்ன கிழமை, குளிசை போட்டாச்சா, இது யார் தெரியுதா. மாமரம் கேள்வி கேட்பதில்லை.

வீட்டு வளவை டிமென்சியா உள்ளவர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கவனித்தால், செடி வளர்ப்பது அதில் ஒரு பங்குதான். விடியற்காலையில் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் பறித்துச் சாமிக்கு வைப்பார்கள். முருங்கைக்காய் நாலு பிடுங்கி வேலிக்கு மேலால் அயலுக்குக் கொடுப்பார்கள். எல்லோரிடமும் வாங்கிக்கொண்டு மட்டும் இருக்கிற நிலைமையில், ஒருவருக்கு ஒன்றைக் கொடுக்க முடிகிற இடம் அதுதான். மருமகனோடு மனம் கசந்தால் போய் நிற்பதும் அங்கேதான். சிலர் ஒரு வேலையும் செய்யாமல் சுற்றிச் சுற்றி நடப்பார்கள். அதுவும் நல்லதுதான்.

இங்கிலாந்தின் எக்ஸிற்றர் பல்கலைக்கழகத்தார் 2014இல் இது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தோட்டத்தில் நேரம் போக்கும் டிமென்சியா உள்ளவர்களிடம் பதற்றம் குறைவதாகத் தெரிந்தது. ஆனால் அவை பெரும்பாலும் பராமரிப்பு இல்லங்களில் நடந்த சின்ன ஆய்வுகள். ஆகவே தோட்டத்தை மருந்து என்று நான் சொல்லமாட்டேன், நோயை அது நிறுத்தாது. காலை வெளிச்சம் கண்ணில் படுவது உடம்பின் இரவு பகல் கணக்கை ஒழுங்குபடுத்தும், நடப்பதால் இரவில் தூக்கம் வரும், மலச்சிக்கல் குறையும். இந்த அளவுக்கு உறுதியாகச் சொல்லலாம். இன்னொன்றையும் சொல்லவேண்டும். வெளிநாட்டு இல்லங்களில் காசு கொட்டி வட்டப் பாதை போடுவார்கள், நடப்பவர் எங்கேயும் முட்டுப்பட்டு நிற்காமல் தொடங்கிய இடத்துக்கே வந்துசேர வேண்டும் என்று. யாழ்ப்பாணத்து வளவில் அது ஏற்கனவே இருக்கிறது. நடுவில் வீடு, சுற்றிவர வேலி, முன்னுக்கு ஒரு படலை. அண்ணா போடச்சொல்லும் கேற் இந்தச் சுற்றைத்தான் வெட்டும். பூட்டின கதவைப் பிடித்து ஆட்டிக்கொண்டு நிற்கிற அம்மாவைப் பார்த்துக்கொள்வது, வளவில் நடக்கிற அம்மாவைப் பார்த்துக்கொள்வதை விடக் கஷ்டம்.

சரி, கிணறு. கட்டு அம்மாவின் இடுப்புக்குக் கீழே இருந்தால் மேசன் ஒருவரைப் பிடித்து உயர்த்துங்கள். எப்படியிருந்தாலும் மேலே ஒரு கம்பி மூடி வேண்டும். வெல்டிங் கடையில் கிணற்று வாயை அளந்து கொடுத்து, இரண்டு பாதியாகத் திறக்கிற மாதிரிச் செய்து, பூட்டுப் போடுங்கள். தகரம் வேண்டாம். இற்றுப்போனதை மேலே இருந்து பார்த்தால் தெரியாது, ஏறி நிற்கலாம் போலவும் தோன்றும். அடுத்தது வாளியும் கயிறும். அவை கண்ணில் பட்டால் அம்மாவின் கை தண்ணீர் அள்ளத்தான் போகும். எவ்வளவு சொல்லிவைத்தாலும் அந்த நேரத்தில் அது நினைவில் இருக்காது. ஆகவே கழற்றி உள்ளே வையுங்கள். ஆனால் தண்ணீரைப் பறிக்க வேண்டாம். காலையில் மோட்டரைப் போட்டுத் தொட்டியில் கால்வாசிக்குத் தண்ணீர் விட்டு, பக்கத்தில் ஒரு சின்ன வாளி வையுங்கள். பெரிய வாளி என்றால் தூக்கும்போது சரிந்து விழுவார். கிணற்றடிச் சீமெந்துத் தரையில் பாசி பிடித்திருந்தால் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். கிணற்றடியில் வழுக்கி விழுந்தாலே வயதானவர்களுக்கு இடுப்பெலும்பு முறியலாம்.

இனி மிளகாய்க் கன்று. உங்களுக்கு அது நட்டம், வயிற்றெரிச்சல், எனக்கு விளங்குகிறது. ஆனால் அது ஆபத்து இல்லை. வளவில் அம்மா செய்கிற ஒவ்வொன்றையும் ஆபத்தா, நட்டமா என்று இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஆபத்து என்றால் தடுக்கத்தான் வேண்டும். நட்டம் என்றால் பெரும்பாலும் விட்டுவிடலாம். உங்கள் கன்றுகளைப் பையில் வைத்து மொட்டைமாடியிலோ அம்மா போகாத பக்கத்திலோ வையுங்கள். அம்மாவுக்கென்று இரண்டு பாத்தி ஒதுக்குங்கள். அங்கே அவர் நடலாம், பிடுங்கலாம், திரும்ப நடலாம். கெதியில் முளைத்துக் கண்ணுக்குத் தெரிகிறவை நல்லது: முளைக்கீரை, பயறு, வெண்டி. பொன்னாங்காணி, பசளி, கற்பூரவல்லி எல்லாம் தண்டை ஒடித்து ஊன்றினாலே வரும், பிடுங்கி எறிந்தாலும் திரும்ப ஊன்றலாம். புல்லை வேண்டுமென்றே கொஞ்சம் விட்டுவையுங்கள், பிடுங்க ஏதாவது இருக்கவேண்டுமே. வாழைக்குத் தண்ணீர் கூடினால் வாழை ஒன்றும் சொல்லாது. உங்கள் பக்கத்துச் செம்மண்ணில் தண்ணீர் நிற்கவும் மாட்டாது.

அம்மா செய்ததை அவர் பார்க்கும்போது திருத்தாதீர்கள். பாத்தி கோணலாக இருந்தால் இருக்கட்டும். வேலை சொல்லும்போதும் ஒரு தரத்தில் ஒன்றுதான். "போய்ச் சமையலுக்கு மரக்கறி பார்த்துக்கொண்டு வாங்கோ" என்றால் நடுவழியில் நின்றுவிடுவார். கறிவேப்பிலைக் கெட்டைக் கையில் கொடுத்து "இதை உருவித் தாங்கோ அம்மா" என்றால் முடிப்பார். "தோட்டத்துக்குப் போவமா?" என்ற கேள்விக்கு "வேண்டாம்" என்று சொல்வது சுலபம். நீங்கள் முன்னுக்கு நடந்தால் பின்னால் வருவார்.

இப்போது உண்மையான ஆபத்துகள். கராச்சிலோ கோடிப்புறத்திலோ பூச்சிமருந்துப் போத்தல் இருக்கிறதா? சோடாப் போத்தலில் ஊற்றி வைத்த மருந்து, களைநாசினி, எலிப்பாசாணம் எல்லாவற்றையும் இன்றைக்கே பூட்டுங்கள். அடுத்தது கத்தி, கோடாலி, கொக்கத்தடி, அவற்றையும் எடுத்து வையுங்கள். சின்ன மண்வெட்டியும் சுரண்டியும் இருக்கட்டும், அவை அவருக்கு வேண்டும். அலரி எந்த நிறமானாலும், முக்கியமாக மஞ்சள் அலரி, ஊமத்தை, கார்த்திகைப்பூவின் கிழங்கு, இவை மூன்றும் நஞ்சு. வேலியோரம் இருந்தால் வெட்டிவிடுங்கள். அம்மா இவற்றைச் சாப்பிடமாட்டார் என்று நீங்கள் நினைப்பீர்கள். ஆனால் கீரை ஆய்ந்து சட்டியில் போடுகிற ஒருவர், இலையைக் கண்டுபிடிக்கும் பழைய திறமை குறைந்த பிறகும் அதே துணிச்சலோடு பறிப்பார். அம்மா கொண்டுவந்த இலையை நன்றி சொல்லி வாங்குங்கள், சமைக்கும்போது ஒவ்வொன்றாகப் பாருங்கள். சந்தேகமானதை அவர் காணாமல் எறியுங்கள்.

நெருப்பைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, நான் கேட்கிறேன். முற்றம் கூட்டிக் குவித்துக் கொளுத்துவது எங்கள் ஊரில் பின்னேர வேலை. அம்மாவும் கூட்டுவாராக இருக்கும். கூட்டட்டும், அதைப் போல நல்ல உடற்பயிற்சி இல்லை. ஆனால் நெருப்புப்பெட்டி அவர் கைக்கு எட்டக் கூடாது. சேலைத் தலைப்பில் பிடித்தால் உதறத் தெரியாமல் நிற்பார். வளவு மூலையில் ஒரு கிடங்கு வெட்டி, குப்பையை அதில் போடப் பழக்குங்கள், பசளையும் ஆகும். தேங்காய்மட்டை, கல், ஓலைக் குவியல்களை வீட்டோரம் வைக்காதீர்கள். புடையனும் சுருட்டை விரியனும் இருக்கிற ஊர் இது. காலுக்குப் பின்பட்டி உள்ள செருப்பு வாங்குங்கள். கழன்று விழுகிற பாட்டாச் செருப்பே தடக்கி விழுத்தும். நீரிழிவு இருந்தால் ஒவ்வொரு பின்னேரமும் பாதத்தைக் கழுவித் துடைத்து அடிப்பக்கம் பாருங்கள். முள்ளுக் குத்தினதை அம்மா சொல்லமாட்டார், சிலவேளை உணரவும் மாட்டார்.

பங்குனி, சித்திரை வெயிலில் பத்து மணிக்குப் பிறகு உள்ளே கூப்பிடுங்கள். "வெயில் அம்மா, வாங்கோ" என்பதை விட "தேத்தண்ணி ஆறுது" என்பது வேலை செய்யும். தாகம் எடுத்தாலும் கேட்கத் தோன்றாது, ஆகவே மோரோ தண்ணியோ கையில் கொடுத்துக் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நில்லுங்கள். ஒன்றிரண்டு நாளுக்குள் குழப்பம் சட்டென்று கூடினால், அல்லது எப்போதும் வளவில் நிற்கிறவர் படுத்தே கிடந்தால், நோய் முற்றிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நீரிழப்பு, மலச்சிக்கல், புது மருந்து, இவற்றில் ஒன்றாக இருக்கலாம், உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். தடிமனுக்குக் கடையில் வாங்கிக் கொடுக்கிற பிரிட்டன் (Piriton) குளிசை கூட இவர்களுக்குக் குழப்பத்தைக் கூட்டும்.

வேலிக்கு வருவோம். டிமென்சியாவில் "என் பொருளைக் களவெடுத்துவிட்டார்கள்" என்ற எண்ணம் வருவது வழமை. சங்கிலியை எடுத்துவிட்டார்கள், காசை எடுத்துவிட்டார்கள் என்பார்கள். எங்கள் ஊரில் களவு போகிற பொருள் வேலியும் எல்லையும். ஒரு முழ நிலத்துக்குத் தலைமுறைக் கணக்கில் கதைபேச்சு இல்லாமல் இருந்த ஊர்தானே! தயவுசெய்து காணி உறுதியை எடுத்துக் காட்டி விளங்கப்படுத்த வேண்டாம். உறுதியில் உள்ளதை அவர் மறந்துவிடுவார், நீங்கள் எதிர்த்துக் கதைத்த கோபம் மட்டும் நிற்கும். "அப்பிடியே அம்மா? வாங்கோ பார்ப்பம்" என்று கூடப் போங்கள். வேலி நெடுக நடந்து, சாய்ந்த கதியாலைப் பிடித்துக் கட்டச் சொல்லுங்கள். வேலி அடைக்கிற வேலை கையில் வந்தால் சண்டை வாயில் இருந்து போகும். ஒவ்வொரு நாளும் போகும் என்று சொல்லமாட்டேன்.

அதற்கு முன்னால் பக்கத்து வீட்டாரிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். "அம்மாவுக்கு இப்பிடி ஒரு வருத்தம், ஏசினால் மனதில் எடுக்காதேங்கோ. படலைக்கு வெளியே தனியக் கண்டால் கூட்டிக்கொண்டு வாங்கோ." இதை மறைக்கிற குடும்பங்கள்தான் கூடக் கஷ்டப்படுகின்றன. சந்திக் கடைக்காரருக்கும் ஓட்டோக்காரருக்கும் தெரிந்திருக்கட்டும். அம்மாவின் சட்டைப் பையிலோ வளையலிலோ உங்கள் தொலைபேசி இலக்கம் இருக்கட்டும்.

பின்னேரம் "வீட்டை போகோணும்" என்பது எல்லா நாட்டிலும் டிமென்சியா உள்ளவர்கள் கேட்பதுதான். வெளிச்சம் மங்கும் நேரத்தில் களைப்பும் குழப்பமும் கூடும், நிழல் பள்ளம் போலத் தெரியும். ஆனால் உங்கள் அம்மாவுக்கு உண்மையாகவே விட்டுவந்த ஒரு வீடு இருக்கிறது. 1990இல் வலிகாமம் வடக்கில் இருந்து எத்தனையோ குடும்பங்கள் ஒரு பையோடு வெளிக்கிட்டு, கால் நூற்றாண்டு திரும்பிப்போக முடியாமல் இருந்தன. சிலர் இன்னும் போகவில்லை. ஆகவே "இதுதானே அம்மா வீடு" என்று சாதிப்பது அவருக்குப் பொய்யாகத்தான் படும்.

அவர் கேட்கத் தொடங்குவதற்கு முன்பே, நாலரைக்கெல்லாம் பின்பக்க லைற்றைப் போடுங்கள். தேத்தண்ணியோடு இருந்து செய்கிற வேலை ஒன்றைக் கொடுங்கள். தென்னோலையில் ஈர்க்கு வாருவது அதற்கு நல்லது. அதற்கும் படலைக்குப் போனால் மறிக்காமல் கூடப் போய், வீட்டில் என்ன மரம் நின்றது, கிணற்றடியில் யார் யார் குளித்தீர்கள் என்று கேட்டுக்கேட்டு ஒரு சுற்று நடந்து முன்கதவால் கூட்டி வாருங்கள். பல நாள் அதோடு சரியாகும். அவர் சொல்லும் மரத்தில் ஒன்றைக் கொண்டாவிலிலும் வைக்கலாம். இராணுவம் பிடித்திருந்த காணி விடுபட்டிருந்தால் அங்கே கூட்டிப்போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். பகலில், இரண்டு பேர் துணையோடு, போய்ப் பார்க்கலாம். ஆனால் வீடும் மரமும் இருந்த இடம் தெரியாமல் போயிருந்தால் அவருக்கு அது தன் ஊராகவே தெரியாது, "இஞ்சை இல்லை, வீட்டை போவம்" என்று அங்கே நின்றும் கேட்பார். அதைத் தாங்க உங்களுக்கு மனம் இருந்தால் மட்டும் போங்கள்.

படலையைப் பொறுத்தவரை நான் கொஞ்சம் கண்டிப்பு. கொளுக்கியை வழக்கமான இடத்தில் இருந்து கழற்றி அடிப்பக்கத்தில் போடுங்கள். அம்மாவின் கை பழகின இடத்தில்தான் தேடும், புது இடம் மனதில் பதியாது. ஒரு மணியும் கட்டுங்கள். இரவில் பின்கதவைப் பூட்டுவது வேறு விஷயம், அதைச் செய்யலாம். திறப்பு விழித்தெழக்கூடிய ஒருவரிடம் இருக்கவேண்டும். அம்மாவைத் தனியே உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு எவரும் வெளியே போகக் கூடாது, கடைக்குக் கூட.

அண்ணாவின் காசை வேண்டாம் என்று சொல்லாதீர்கள், கேற்றுக்குப் பதில் வேறு கணக்குக் கொடுங்கள். கிணற்று மூடி, சரிந்த படிக்கு ஒரு கைபிடி, மாமரத்துக்குக் கீழே முதுகு சாய்கிற கதிரை, கிழமையில் சில நாள் இரண்டு மணித்தியாலம் அம்மாவோடு வளவில் நிற்க அயலில் இருந்து ஒரு பெண்ணுக்குச் சம்பளம். அந்த இரண்டு மணித்தியாலம் உங்களுக்கு. அப்போது சமைக்காதீர்கள், படுங்கள். கமரா பொருத்த ஆசைப்பட்டால் படலைக்கு ஒன்று போதும். ரொறன்ரோவில் இருந்து பார்த்துவிட்டு "அம்மா வெயிலுக்குள்ள நிக்கிறா" என்று உங்களுக்குப் போன் எடுப்பதற்கு வளவுக்குள் ஒரு கமரா தேவையில்லை.

வருடங்கள் போக அம்மா வேலை செய்வது குறையும். மண்வெட்டி கதிரையாக மாறும். அப்போதும் காலையில் வெளியே கொண்டுவந்து இருத்துங்கள், மடியில் ஒரு சுளகு நிறையக் கீரை இருந்தால் ஆய்ந்துகொண்டிருப்பார்.

கடைசியாக ஒன்று, உங்கள் கடிதத்தில் இல்லாதது. அம்மாவின் கண்ணைக் கடைசியாக எப்போது காட்டினீர்கள்? 73 வயதில் கண்புரை இருப்பது சாதாரணம். மிளகாய்க் கன்றையும் புல்லையும் பிரித்தறியாததில் டிமென்சியாவுக்கு எவ்வளவு பங்கு, புரைக்கு எவ்வளவு பங்கு என்று பார்க்காமல் சொல்ல முடியாது. அடுத்த கிளினிக் நாளிலேயே கண் பகுதிக்கு அனுப்புகிற துண்டு ஒன்று கேளுங்கள். போகும்போது அம்மா எடுக்கும் எல்லாக் குளிசைகளையும் பையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். இந்த மாதத்தில் விழுந்தாரா, இரவில் எத்தனை தரம் எழும்புகிறார் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.